ஜே.சி.பி. டயரை மெஷின் எப்படிக் கழற்றுகிறது?

தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போகிற வழியில் மழைக்காலத்தில் இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருக்கலாம். ரோட்டோரம் ஒரு ஜே.சி.பி. ஒரு பக்கம் தூக்கி, கட்டைக்கு மேல் நிற்கும். பக்கத்தில் அதன் பின் சக்கரம் படுத்துக் கிடக்கும். நிமிர்த்தி வைத்தால் ஆளின் நெஞ்சு உயரம் வரும் சக்கரம். இரண்டு பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் மாற்றி மாற்றி அடிப்பார்கள். ஒரு இடத்தில் கொஞ்சம் இறங்கும். ஆப்பை நகர்த்தி அடுத்த இடத்தில் அடிப்பதற்குள் முதல் இடம் பழையபடி மேலே வந்து ஒட்டிக்கொள்ளும்.

டிப்ளமா முடித்து வேலை கிடைக்காமல் இருந்த காலத்தில் நானும் அப்படி ஒரு கடையில் நின்றவன்தான். முதல் மாதத்திலேயே டயர் லிவர் நழுவித் திரும்பி அடித்ததில் தாடையில் மூன்று தையல். அப்புறம் மெஷின் வைத்திருந்த வேறு கடைக்கு மாறினேன். முதல் கடையில் அரை நாளைத் தின்ற அதே அளவு டயரை, அங்கே ஒரே ஆள் நின்ற இடத்தில் நின்றபடி கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். மெஷினுக்குப் பயங்கர பலம் என்றுதான் அப்போது நினைத்தேன். பலம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேலையை நடத்துவது பலம் இல்லை, வேறொன்று. அதைப் புரிந்துகொள்ள மெஷினை விட்டுவிட்டு வளையல் கடைக்குப் போக வேண்டும்.

மண்டைக்காட்டுக் கொடைக்குப் போனால் வளையல் கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கண்ணாடி வளையல் விரியாது. கையின் அகலமோ வளையலின் வாயைவிடப் பெரிது. ஆனாலும் போட்டுவிடுகிறவர் ஏற்றிவிடுகிறார். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்கிறார், கொஞ்சம் சோப்பு தடவுகிறார், வளையலை நேராகத் தள்ளாமல் சாய்த்துச் சாய்த்துத் திருப்பிக்கொண்டே ஏற்றுகிறார். நேராகத் தள்ளினால் வளையல் உடையும், அல்லது கை கிழியும்.

டயரும் ரிம்மும் இந்த வளையலும் கையும்தான். டயரின் உள்விளிம்பைப் பீடு என்பார்கள். வெளியே பார்க்க ரப்பர். உள்ளே எஃகுக் கம்பிகளைக் கட்டுக்கட்டாகச் சுற்றிய வளையம் இருக்கிறது. டயரின் மற்ற பாகமெல்லாம் வளையும், நசுங்கும். பீடு மட்டும் விரியவே விரியாது. விரிந்தால் டயர் ரிம்மில் நிற்காது. ரிம்மின் விளிம்போ பீடின் வாயைவிடப் பெரிது. அப்படியானால் சின்ன வாய் பெரிய விளிம்பைத் தாண்டி எப்படி உள்ளே போனது?

ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடுகிறது. மடக்கிய பெருவிரல் இதுதான். பீடின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால், எதிர்ப்பக்கத்தில் அந்த அளவுக்கு இடம் கிடைக்கிறது. அங்கே விளிம்பைத் தாண்டிவிடலாம். டயர் வேலையில் தெரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் போதும் என்றால் இதைத்தான் சொல்வேன். லிவரைப் போட்டு மூன்று பேர் தொங்கியும் டயர் வரவில்லையா? எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். பீடு பள்ளத்தில் இறங்காமல் மேட்டிலேயே உட்கார்ந்திருக்கும். அங்கே ஒரு ஆள் காலால் மிதித்தால் தீர்கிற காரியத்துக்கு இங்கே மூன்று பேர் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று. பள்ளம் ரிம்மின் நட்டநடுவில் இருக்காது, ஒரு பக்க விளிம்பை ஒட்டி ஒதுங்கியிருக்கும். எந்த விளிம்புக்கு அது கிட்டத்தில் இருக்கிறதோ, அந்த வழியாகத்தான் டயரைக் கழற்றவும் மாட்டவும் வேண்டும். மறுபக்கம் வழியாக முயன்றால் பீடு பள்ளத்தை எட்டாது. எட்டாததைப் பலத்தால் எட்ட வைக்கப் பார்த்தால் உள்ளே கம்பி ஒடியும், டயர் போய்விடும். மெஷின் இருக்கிற கடையிலும் புதுப் பையன்கள் செய்கிற தவறு இது. மெஷின் பாவம், சொன்ன பக்கம் இழுக்கும்.

இந்தப் பள்ளக்கதை ஒரே துண்டாக இருக்கும் ரிம்முக்குப் பொருந்தும். ஜே.சி.பி. பின் சக்கரம், டிராக்டர் சக்கரம், 295/80ஆர்22.5 போன்ற டியூப்லெஸ் லாரிச் சக்கரம் எல்லாம் அந்த வகை. 10.00-20 போட்ட பழைய டிப்பர், 23.5-25 போட்ட பெரிய லோடர் போன்றவற்றில் ரிம் பல துண்டு. அதில் பள்ளம் இருக்காது, பதிலாக விளிம்பே கழன்று வரும். அதை வேண்டுமென்றே பிறகு வைத்துக்கொள்கிறேன், அது வேறு மாதிரி ஆள்.

டயர் பக்கவாட்டில் இருக்கும் எண்ணையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஜே.சி.பி. பின் டயரில் 16.9-28 என்றிருந்தால் டயரின் அகலம் 16.9 அங்குலம், அது உட்காரும் ரிம்மின் விட்டம் 28 அங்குலம். நடுவில் கோடு இல்லாமல் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ரேடியல், அதாவது உள்ளிழைகள் ஒரு பீடிலிருந்து மறு பீடுக்கு நேர்குறுக்காக ஓடும் டயர். மெஷினைப் பற்றிக் கேட்கும்போது "எத்தனை அங்குலம் வரைக்கும் பிடிக்கும்?" என்று கேட்பது இந்த இரண்டாவது எண்ணைத்தான். லாரிக்கான மெஷின்கள் 26 அங்குல ரிம் வரை பிடிக்கும். டிராக்டர், மண்வேலை வண்டிகளுக்கான பெரியவை 56 அங்குலம் வரை போகும். 28 அங்குல ஜே.சி.பி. சக்கரத்தை 26 அங்குல மெஷினில் ஏற்ற முடியாது. வண்டியை எடுத்துக்கொண்டு வருவதற்கு முன்னால் போனில் கேட்டுவிடுவது நல்லது.

சரி, மெஷினுக்கு வருவோம். கார் கடைகளில் சக்கரத்தைத் தட்டு போலப் படுக்க வைத்துச் சுற்றுகிற மெஷினைப் பார்த்திருப்பீர்கள். பெரிய சக்கரத்துக்கானது அப்படி இல்லை. அதில் சக்கரம் நின்றபடி சுற்றும். தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய நீளமான இரும்புப் படுக்கை. அதன் ஒரு முனையில் ஏறி இறங்கும் ஒரு கை. கையின் நுனியில் நான்கு நகம் உள்ள பிடி. இதைச் சக்கு என்பார்கள். நகங்கள் ரிம்மின் நடு ஓட்டைக்குள் மூடியபடி போய், உள்ளிருந்து விரிந்து இறுக்கிப் பிடிக்கும். ஓட்டைக்கு ஏற்றபடி நகத்துக்கு நீட்டுத் துண்டுகளும் உண்டு. எதிர்முனையில் முன்னும் பின்னும் நகரும் வண்டி ஒன்று. அதன் தலையில் ஒரு பக்கம் உருளும் தட்டு, மறுபக்கம் கொக்கி. மொத்த மெஷினிலும் டயரைத் தொடுவது இந்த இரண்டும்தான். தட்டு தள்ளும், கொக்கி இழுக்கும். தலையை அரைவட்டம் திருப்பி எது வேண்டுமோ அதை முன்னால் கொண்டுவரலாம்.

இதற்கெல்லாம் பலம் கொடுப்பது ஹைட்ராலிக் எண்ணெய். மூன்று பேஸ் மோட்டார் ஒன்று பம்பைச் சுற்றுகிறது, பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது, எண்ணெய் பிஸ்டனைத் தள்ளுகிறது. ஜே.சி.பி.யின் வாளி எப்படி மண்ணைக் கோருகிறதோ அதே வித்தை. ஓட்டுகிறவருக்கு முன்னால் நீள ஒயரோடு நகர்த்தக்கூடிய ஒரு கம்பம், அதில் நெம்புகோல்களும் மிதிகட்டைகளும். சக்கு வலதும் இடதுமாக மெல்லச் சுற்றும். இந்த 'மெல்ல' முக்கியம். சம்மட்டி ஒரே இடத்தில் ஒரே நொடியில் அடிக்கிறது. ரப்பர் அமுங்கிவிட்டுத் திரும்பி எழுகிறது. தட்டு அப்படி இல்லை, அழுத்தியபடி நிற்க, சக்கரம் அதன் அடியில் சுற்றிக்கொண்டே போகிறது. எழுந்துவர டயருக்கு நேரமே கிடைப்பதில்லை. வளையல் போடுகிறவரின் திருப்பல் இதுதான்.

ஒரு ஜே.சி.பி. பின் சக்கரத்தை வைத்து முழுதாகப் பார்ப்போம். ஆணி ஏறி காற்று போன, டியூப் உள்ள டயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காற்று. "அதுதான் பஞ்சர் ஆகிவிட்டதே, காற்று எங்கே இருக்கிறது?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எங்கள் கடை ஆசான் விடமாட்டார். "காத்து போச்சுன்னு யாரு மக்கா சொன்னா? பின்னைக் கழத்துனியா?" என்பார். வால்வுக்குள் இருக்கும் சின்னப் பின்னைக் கழற்றி எடுத்து, ஓட்டைக்குள் மெல்லிய கம்பி ஒன்றை விட்டு ஆட்டிப் பார்ப்பார். சேறு அடைத்துக்கொண்டு உள்ளே பாதிக் காற்று நிற்கிறதுண்டு. நம்ம ஊர் செம்மண் ஒரு மழை பெய்தால் எதற்குள்ளும் புகும். டிராக்டர் டயர் என்றால் இன்னொரு வேடிக்கை: வயலில் பிடிமானம் கிடைக்க உள்ளே தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். நாஞ்சில் நாட்டு வண்டி ஒன்றில் அது தெரியாமல் கைவைத்து, கடை முழுக்க மழை பெய்த மாதிரி ஆனது. எனக்கும் சேர்த்துத்தான் குளியல்.

காற்று முழுக்கப் போனதும் சக்கரத்தை உருட்டிப் படுக்கையருகே கொண்டுவந்து, சக்கைத் தாழ்த்தி, நகங்களை விரித்துப் பிடிக்க வைக்க வேண்டும். பிடித்ததும் உடனே தூக்கக் கூடாது. கொஞ்சம் தூக்கி, ஒரு சுற்று சுற்ற விட்டுப் பார்த்து, ஆட்டம் இல்லை என்றால்தான் மேலே. சக்கரம் தொங்கும்போது அதன் கீழே காலை நீட்டிக்கொண்டு நிற்கிறவனை ஆசான் திட்டும் திட்டை இங்கே எழுத முடியாது.

இனி ஒட்டு விடுவித்தல். மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் ஓடிய டயரின் பீடு, ரிம்மோடு பசை போட்டது மாதிரி ஒட்டியிருக்கும். மணவாளக்குறிச்சி, குளச்சல் என்று கடலோரத்தில் ஓடுகிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், உப்புக்காற்று பட்ட துரு இரண்டையும் கட்டிப்போட்டிருக்கும். உருளும் தட்டை ரிம் விளிம்புக்கு மிகக் கிட்டத்தில், ஆனால் விளிம்பில் உரசாமல் வைத்து, மெதுவாக அழுத்திக்கொண்டே சக்கரத்தைச் சுற்ற வேண்டும். விளிம்பை விட்டு விலகி டயரின் வயிற்றில் அழுத்தினால் ரப்பர் மட்டும் உள்ளே போகும், பீடு அசையாது. ரேடியல் என்றால் உள்ளே இருக்கும் இழைகளும் சேதமாகும். முதல் சுற்றில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். இரண்டாவது சுற்றில் துரு பொடிப்பொடியாக உதிரும். மூன்றாவதில் 'கிர்ர்' என்று ஒரு சத்தத்தோடு பீடு விட்டுக்கொடுக்கும். அந்த இடைவெளியில் உடனே டயர் பேஸ்ட்டை பிரஷால் தடவ வேண்டும். பேஸ்ட் இல்லாவிட்டால் கெட்டியாகக் கரைத்த சோப்புத் தண்ணீர். கிரீஸ், டீசல், பழைய ஆயில் வேண்டாம். அவை ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், போதாக்குறைக்குக் காயாமல் வழுக்கிக்கொண்டே இருந்து, பிறகு ரிம் ஒரு பக்கம் சுற்ற டயர் ஒரு பக்கம் நழுவும். அதே வேலையை மறுபக்கமும் செய்தால் டயர் ரிம்மின் மேல் சும்மா தொங்கும் நிலைக்கு வந்துவிடும்.

இப்போது தலையைத் திருப்பிக் கொக்கியை முன்னால் கொண்டுவருகிறோம். பீடுக்கும் ரிம்முக்கும் நடுவில் அதை நுழைத்து, பீடை விளிம்புக்கு வெளியே கொஞ்சம் இழுத்து, பக்கத்தில் ஒரு லிவரைச் செருகிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால், பீடு விளிம்பின் மேலேறி ஒரு சுற்றில் முழுதாக வெளியே வந்துவிடும். எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இருந்தால் மட்டும். இல்லையென்றால் மெஷின் முனகும். அந்த முனகலைக் கேட்டதும் நிறுத்தி, எதிர்ப்பக்கத்தைத் தட்டால் தள்ளிப் பள்ளத்தில் இறக்கிவிட்டுத் தொடர வேண்டும். நல்ல ஓட்டுநரைக் காதை வைத்தே கண்டுபிடிக்கலாம். அவர் எண்ணெய்ப் பம்பின் சத்தம் மாறினதும் காலை எடுத்துவிடுவார்.

முதல் பீடு வந்ததும் சக்கரத்தைத் தாழ்த்தி, வால்வை உள்ளே தள்ளி, டியூபை உருவி எடுக்கிறோம். பின்னாலிருந்து தட்டால் தள்ளினால் இரண்டாவது பீடும் முன்பக்கமாகவே வெளியேறும். டயர் தனி, ரிம் தனி. எழுத்தில் நீளமாக இருக்கிறதே தவிர, அடம்பிடிக்காத டயர் என்றால் கால் மணி நேரத்து வேலை.

கழற்றிய டயருக்குள் ஆணி இன்னும் இருக்கலாம். பையன்கள் வெறும் கையை உள்ளே விட்டுத் துழாவுவார்கள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தடவினால் ஆணி துணியில் மாட்டும், விரல் பிழைக்கும். ரிம்மின் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசலை வெல்டிங் வைத்து ஓட்டுவது நம்ம பக்கம் சாதாரணமாக நடக்கிற தப்பு. அதைவிட மோசம், டயர் ஏறியிருக்கும்போதே ரிம்மில் வெல்டிங் வைப்பது. சூட்டில் உள்ளே ரப்பர் வெந்து வாயுவாகி, அழுத்தம் ஏறி, டயர் குண்டு போல வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டேன் என்ற சமாதானம் செல்லாது. டயர் முழுதாகக் கழன்று தனியாகக் கிடக்க வேண்டும்.

மாட்டுவது கழற்றுவதைத் தலைகீழாகச் செய்வதுதான். இரண்டு பீடிலும் பேஸ்ட், ரிம்மின் மேல் விளிம்பில் ஒரு கிளாம்ப், அதில் பீடின் ஒரு இடத்தை மாட்டிவிட்டு, தட்டால் தள்ளிக்கொண்டே சுற்றல். நடுவில் டியூபைப் பிரெஞ்சு சாக் என்கிற வழுவழுப்பான பொடி தூவி உள்ளே வைக்கிறோம். தூவாத டியூப் எங்காவது ஒட்டி மடிந்துகொள்ளும். மடிப்பு பத்து நாளில் கிழிந்து மறுபடி பஞ்சர் என்று வந்து நிற்கும், கடைக்காரர் பேர் கெடும்.

இனி அந்த வேறு மாதிரி ஆள். பல துண்டு ரிம்.

குவாரி டிப்பர், பழைய டாரஸ் லாரி போன்றவற்றின் 20 அங்குல ரிம்மை உற்றுப் பாருங்கள். வெளிப்பக்க விளிம்பு ரிம்மோடு சேர்ந்திருக்காது, தனி வளையமாக இருக்கும். அந்த வளையத்திலோ, அதைப் பூட்டும் இன்னொரு வளையத்திலோ ஓரிடத்தில் வெட்டு தெரியும். இதைத்தான் ரிங், லாக் ரிங் என்கிறோம். ஸ்பிரிங் மாதிரி விரித்துக் கழற்றி எடுத்தால், ரிம் வெறும் உருளை. டயர் தானாக நழுவி வரும். பெரிய லோடரின் 25 அங்குல ரிம்மில் அடி, இரண்டு பக்க விளிம்பு, பீடு உட்காரும் பட்டை, லாக் ரிங் என்று ஐந்து துண்டு வரை உண்டு, அது போகக் காற்று கசியாமல் இருக்க ஒரு ரப்பர் வளையமும். முந்நூறு கிலோவுக்கு மேல் வரும் டயரைப் பள்ளத்தில் இறக்கி விளிம்பைத் தாண்ட வைப்பது நடக்காத காரியம் என்பதால் இந்த ஏற்பாடு. மெஷினில் இதற்கும் தட்டுதான் வேலை செய்கிறது: பீடை உள்ளே தள்ளிப் பிடித்தால் ரிங்கின் மேலிருக்கும் இறுக்கம் போகும், லிவரால் ரிங்கை நெம்பி எடுக்கலாம். கழற்றுவது ஜே.சி.பி. டயரைவிடச் சுலபம் என்றுகூடச் சொல்வேன்.

ஆபத்து இருப்பது காற்று அடிக்கும்போது. 10.00-20 டயரின் வெளிவிட்டம் 41 அங்குலத்தை ஒட்டி வரும், ரிம் 20. இந்த இரண்டு வட்டத்துக்கும் நடுவில் உள்ள பக்கவாட்டின் பரப்பைக் கணக்குப் போட்டால் ஆயிரம் சதுர அங்குலம் வருகிறது. சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு காற்று என்றால் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு லட்சம் பவுண்டு, அதாவது 45 டன். பத்துச் சக்கர டிப்பர் ஒன்று முழு லோடோடு நிற்கும்போது உள்ள எடையைவிட அதிகம். இதில் ஒரு பெரிய பங்கை வாங்கிக்கொண்டு நிற்பது அந்த வெட்டுள்ள ரிங். அது தன் காடியில் சரியாக உட்காராவிட்டால், காடியில் துருக்கட்டி இருந்தால், அல்லது வேறு கம்பெனி ரிம்மின் ரிங்கைப் 'பொருந்துகிறதே' என்று போட்டிருந்தால், அந்த விசை ஒரே நொடியில் வெளியே வரும்.

எங்கள் கடைக் கூரைத் தகரத்தில் பிறை வடிவத்தில் ஒரு கிழிசல் இருந்தது. மழை பெய்தால் ஒழுகும். ஆசான் அதை அடைக்கவே விடவில்லை. புதிதாக வருகிற பையன் ரெண்டு நாளில் கேட்டுவிடுவான், "ஆசானே, அது என்ன ஓட்டை?" ரிங் போன வழி என்பார். அதுவரை அதன் மேல் குனிந்துகொண்டிருந்தவர் அந்த நேரம் டீ வாங்கப் போயிருந்தார், அவ்வளவுதான் சமாச்சாரம்.

அதனால்தான் கூண்டு. கனமான இரும்புக் குழாய்களால் செய்த கூண்டுக்குள் சக்கரத்தை உருட்டிவிட்டு, பிறகு காற்று அடிப்பது. அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்பைப் பார்க்கும் ஓஷா அமைப்புக்குப் பெரிய சக்கரங்களுக்கென்றே 1910.177 என்று ஒரு விதி இருக்கிறது. படிக்கும்போது எங்கள் ஆசான் எழுதியதோ என்றிருக்கும். சக்கரம் கூண்டுக்குள் போகும் முன்பு பீடு ரிம்மில் ஒட்டிக் காற்று நிற்கிற அளவுக்கு மட்டுமே அடிக்கலாம். குழாய் முனை கவ்விக்கொள்ளும் கிளிப்பாக இருக்க வேண்டும், கையால் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. காற்றுமானி குழாயின் நடுவில், ஆள் நிற்கிற இடத்தில். ஆள் நிற்பது சக்கரத்தின் முகத்துக்கு நேரே இல்லை, டிரெட், அதாவது தரையைத் தொடும் பட்டை, இருக்கும் பக்கமாக ஒதுங்கி. உள்ளே காற்று இருக்கும்போது கோணலாக உட்கார்ந்த ரிங்கைச் சுத்தியால் தட்டிச் சரிசெய்யவே கூடாது. இறக்கு, கழற்று, துடை, மறுபடி போடு.

அதே விதியில் இன்னொன்றும் உண்டு. இருக்க வேண்டிய காற்றில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ வைத்து ஓடிவந்த டயர் என்றால், வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே காற்றை முழுக்க இறக்கிவிட வேண்டும். காற்றுக் குறைவாக ஓடும்போது ரிங் நகர்ந்திருக்கலாம். ஸ்டீல் ரேடியலில் பக்கவாட்டுக் கம்பிகள் வளைந்து வளைந்து உள்ளுக்குள் ஒடிந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மறுபடி காற்று ஏற்றும்போது பையின் ஜிப்பைத் திறந்த மாதிரி நீளமாகக் கிழியும். இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் காற்றில்லாமல் இருப்பது தெரியாமலே களியக்காவிளை வரை லோடு கொண்டுபோய்த் திரும்புகிற வண்டிகள் எத்தனையோ. அந்த டயரை "கொஞ்சம் காத்து மட்டும் அடிச்சுக் குடுங்க அண்ணே" என்று கேட்டு வருவார்கள். கழற்றிப் பார்க்காமல் அடித்துக் கொடுக்கிற கடைக்காரரைவிட, முடியாது என்கிறவர் நல்லவர்.

மெஷின் வந்ததில் சம்மட்டியும் முதுகுவலியும் போயின. தாடைத் தையலும் போயிற்று. காற்றைப் பொறுத்தவரை அது ஒன்றுமே செய்வதில்லை. உள்ளே காற்று இருக்கிறதா என்று மெஷினுக்குத் தெரியாது. சொல்லப்போனால் அதற்கென்று ஒரு புது ஆபத்தும் உண்டு, சுற்றுகிற எதற்கும் உள்ளதுதான். தொங்குகிற சாரம், கழுத்துத் துண்டு, கையில் கட்டிய கயிறு, இதெல்லாம் தட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் போனால் பின்னாலேயே கையும் போகும். நான் நின்ற கடையில் பேன்ட் போடாதவன் மெஷின் பக்கம் வரக் கூடாது என்று சட்டம். மழை நாளில் ஈரத் தரையில் ரப்பர் செருப்போடு நிற்பதும் கூடாது.

டியூப்லெஸ் டயரில் பீடு ரிம்மோடு ஒட்டாமல் காற்று கசிந்துகொண்டே இருக்கும் தொல்லை ஒன்று வரும். சிலர் உள்ளே பெட்ரோலைத் தெளித்துத் தீ வைத்து, வெடிக்கிற விசையில் பீடை ஒட்ட வைப்பார்கள். வீடியோவில் பார்க்க ஜோராக இருக்கும். செய்யாதீர்கள். டயரைச் சுற்றிப் பட்டையைக் கட்டி முறுக்கினாலே பீடு இரண்டு பக்கமும் பிதுங்கி ரிம்மைத் தொடும். பீடு உட்காரும்போது 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்துக்கு இன்னொரு 'டப்'. டயரின் அடிப்பக்கத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய வரிக்கோடு ஓடும். சுற்றிலும் அது ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரிந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்தால் இன்னும் கொஞ்சம் காற்று, இன்னும் கொஞ்சம் காற்று என்று ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. இறக்கிவிட்டுப் பேஸ்ட் தடவி மறுபடி.

எல்லாச் சக்கரமும் மெஷினைத் தேடி வந்துவிடாது. மலையடிவாரத்துக் குவாரியில் நிற்கும் பெரிய லோடரின் டயர் போனால், கழற்றி லாரியில் ஏற்றிக் கொண்டுவருவதே ஒரு நாள் வேலை. அங்கே கையோடு கொண்டுபோகும் ஹைட்ராலிக் நெம்பி ஒன்றைப் பயன்படுத்துவார்கள். ரிம் விளிம்பைக் கவ்விக்கொண்டு பீடை ஓரிடத்தில் தள்ளும்; கழற்றி அடுத்த இடத்தில் மாட்ட வேண்டும். சுற்றுவது மட்டும் இல்லை, அதனால் நேரம் ஆகும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி உண்டு. மண்வேலை டயர்களில் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம். கல்லில் வெட்டுப்படாமல், உள்ளே சூடு ஏறாமல் தாங்குவதில் அதற்கு ஈடு இல்லை. குலசேகரம், கீரிப்பாறை பக்கம் விடிவதற்கு முன்பு நெற்றி விளக்கோடு பால்வெட்டப் போகிறவர்களை நமக்குத் தெரியும். ஷீட்டாகக் காய்ந்து லாரியில் போகிறது. டயராகத் திரும்பி வந்து அதே சரிவில் மண் அள்ளுகிறது.

கடைசியாக நட்டு. சக்கரத்தை வண்டியில் மாட்டும்போது வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக இறுக்காமல், எதிர் எதிராக, குறுக்கே குறுக்கே இறுக்க வேண்டும். அப்போதுதான் ரிம் நேராக உட்காரும். எவ்வளவு இறுக்கினாலும் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும், துருவும் பெயின்டும் நசுங்குவதால். லாரி என்றால் ஐம்பது, நூறு கிலோமீட்டருக்குள் நிறுத்தி மறுபடி இறுக்கணும். ஜே.சி.பி.க்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான். யாரிடம் சொன்னாலும் மறந்துவிடுவார்கள் என்று ஆசான் சொல்வதையே விட்டுவிட்டார். வண்டி கிளம்பும்போது மீட்டரைப் பார்த்து, எந்த மணியில் இறுக்கணுமோ அந்த எண்ணைக் கதவுக்கு உள்பக்கம் சாக்பீஸால் பெரிதாக எழுதிவிடுவார். டிரைவர் ஏறும்போதும் இறங்கும்போதும் அது கண்ணில் படும், இறுக்கினபிறகு அவரே அழித்துக்கொள்ளலாம்.